நாம் கைதட்டிய முகம்

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆனந்தமேரி வீட்டு முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டுக்காரி என்பதால் அவளுக்கு நல்ல இடமும் கிடைக்காது. டி.வி. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து படம் கோணலாகத் தெரியும். பார்க்கிறவர்களின் முகம்தான் நேராகத் தெரியும். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. படத்தைவிட அந்த முகங்கள் சுவாரசியமாகத்தான் இருந்தன.

'கானல் கிணறு' தொடர் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். மழை பொய்த்த காட்டில், வற்றிப்போன கிணறுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களின் உடல் கிடைக்கும். தில்லைநாயகம் என்கிற அதிகாரி துப்புத் துலக்க வருவார். சிரிக்கத் தெரியாதவர், தூக்கம் கெட்டவர். பாட்டு கிடையாது. மாமியார் மருமகள் சண்டை கிடையாது. ஓர் ஆள் ஒற்றையடிப் பாதையில் நடந்துபோவதையே ஐந்து நிமிஷம் காட்டுவார்கள். ஆரம்பத்தில் ஓர் உறுமிச் சத்தம் வரும். அதைக் கேட்டாலே பிள்ளைகள் அம்மாக்களின் மடிக்குள் போய்விடும். வேறு ஊர்களில் இதை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. தாடிக்கொம்பு தாண்டி அகரம் போகிற வழியில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான். தில்லைநாயகம் ஏறி வருகிற பஸ்ஸின் கண்டக்டர் கஸ்பார். ஆனந்தமேரியின் புருஷன்.

நிஜத்திலும் அவன் கண்டக்டர்தான். திண்டுக்கல்லிலிருந்து அகரம் வரை ஓடுகிற தனியார் பஸ்ஸில். படம் எடுக்க வந்தவர்கள் சிறுமலை அடிவாரத்திலும் ரயில்வே யார்டிலும் இடம் பார்த்து அலைந்த நாட்களில் அகரம் பக்கமும் அந்த பஸ்ஸில் போய் வந்தார்கள். டைரக்டர் இரண்டு நாள் அவனையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றாம் நாள், "நீங்க நடிக்க வேணாம். உங்க வேலையைச் செய்ங்க. நாங்க எடுத்துக்கறோம்" என்றார். நீளமான முகம், குழி விழுந்த கண், கோபமா சோகமா என்று சொல்ல முடியாத வாய். அந்த முகம் அவனுக்கு அப்பன் வழியில் வந்தது. அதற்காக அவன் ஒன்றும் செய்யவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை, கண்ணிமைக்கிற நேரம் வருவான். தில்லைநாயகத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பான். ஒரு கிழவியின் கூடையைத் தூக்கி வைப்பான். அவ்வளவுதான். அவன் தலை தெரிந்ததும் அறையே கைதட்டும், விசிலடிக்கும். "ஏலே, நம்ம கஸ்பாருடா!" ஒரு வாரம் அவனுக்கு வசனமும் கிடைத்தது: "கடைசி ஸ்டாப்பு. எறங்குங்க." அது ஊர்ச்சொல்லாகிவிட்டது. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டுப் பேச்சாயி பொழுது சாய்ந்து கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது அதைச் சொல்வாள்.

கஸ்பார் மட்டும் ஒரு வாரமும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவன் நிஜ பஸ்ஸில் நிஜ டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வியாழன் அது. தில்லைநாயகம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கஸ்பார் வந்தான். அறை கைதட்டியது. டிக்கெட் கொடுத்தான். வழக்கமாக அந்த இடத்தில் படம் வேறெங்கோ போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. அவன் முகம் திரை நிறைய அப்படியே நின்றது. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. யாரோ ஒருவன் மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டினான். அப்புறம் அவனும் நிறுத்திவிட்டான்.

பிறகு காட்டினார்கள். கடைசி ஸ்டாப்பு. டிரைவர் டீக்கடைப் பெஞ்சில் படுத்துவிட்டான். ஒரு பெண் பையோடு காட்டுப் பாதையில் இறங்கி நடக்கிறாள். கஸ்பார் பின்படி வழியாக இறங்கி அவள் பின்னால் போகிறான். படம் அவன்கூடப் போகவில்லை. பஸ்ஸுக்குள்ளேயே தங்கிவிட்டது. காலி சீட்டுகள். மேல் கம்பியில் யாரோ மறந்துவிட்டுப்போன மஞ்சள் பை காற்றில் லேசாக ஆடுகிறது. ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் அந்தப் பையையே காட்டினார்களோ! அறையில் ஒருவரும் உமிழ்நீர்கூட விழுங்கவில்லை. பிறகு படியில் காலடி. கஸ்பார் ஏறி வந்தான். தோளிலிருந்த துண்டை உதறினான். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மறுபடி தோளில் போட்டான். கடைசி சீட்டில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்தான். முதல் கவளம் வாய்க்குள் போனதும் கண்ணை மெல்ல மூடிக்கொண்டான்.

அதோடு அந்த வாரம் முடிந்தது.

மற்ற ஊர்க்காரர்கள், இந்த ஆளை எங்கே பார்த்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அவனை ஓரத்திலேயே வைத்து, பார்த்தும் பார்க்காத மாதிரி செய்ததுதான் டைரக்டரின் வித்தை. இந்த ஊரில் அந்த வித்தை பலிக்க வழியே இல்லை. இந்த ஊர் முதல் வாரத்திலிருந்து தில்லைநாயகத்தைப் பார்க்கவே இல்லை, கஸ்பாரைத்தான் பார்த்தது. கொலைகாரனை மட்டுமே பார்த்து, அவன் வரும்போதெல்லாம் விசிலடித்து, அவன் சொன்ன ஒரே சொல்லைப் பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருந்தது. அவ்வளவு பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனந்தமேரி அந்த முகங்களைப் பார்த்தாள். பயம் இருந்தது. பயம் மட்டும் இல்லை. பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது கோயிலில் ஓர் அமைதி விழுமே, கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளுமே, அது. அந்த அமைதி தன் வீட்டு முன்னறையில், டி.வி. மேசைக்கு முன்னால் விழும் என்று அவள் நினைத்ததில்லை. "யாத்தே" என்று பேச்சாயி வாய்க்குள் சொன்னாள். எல்லாரும் எழுந்தார்கள். மற்ற நாட்களில் செருப்பு மாறிப்போய் வாசலில் ஒரு சண்டை நடக்கும். அன்றைக்கு அவரவர் செருப்பு அவரவர் காலுக்குத் தானாக வந்துசேர்ந்த மாதிரி ஊர் சத்தமில்லாமல் கலைந்தது. 'வாரேன்' என்று ஒருவரும் சொல்லவில்லை.

கஸ்பார் தினமும் சாப்பிட உட்காரும் முன்னால் துண்டை அப்படித்தான் மடிப்பான். முதல் கவளத்துக்கு அப்படித்தான் கண்ணை மூடுவான். கட்டிய நாளிலிருந்து ஆனந்தமேரி பார்க்கிறாள். அதில் இப்படி ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மறுநாள் காலை கஸ்பார் வழக்கம்போல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். கடைசிக் கவளத்தை உருட்டி மகளுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். நான்சி பெரிய பிள்ளையாகியும் அது நிற்கவில்லை. அன்றைக்கு அவன் கை நீண்டது. நான்சி தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அவனே சாப்பிட்டான்.

"அது நடிப்புடி. ஒனக்குத் தெரியாதா?" என்றாள் ஆனந்தமேரி, அவன் போன பிறகு.

"தெரியும்மா."

"பின்ன என்ன?"

"நடிப்புன்னா நடிப்பு மாதிரி இருக்கணும்ல. வீட்டுல இருக்குற மாதிரியே இருந்துச்சு."

மற்ற மாதமாக இருந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆனந்தமேரி விட்டிருப்பாள். ஆனால் அடுத்த வாரம் பெரிய வெள்ளி.

நான்சிக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் முட்டிபோட்டு கஸ்பார் ஒரு நேர்ச்சை செய்தான். பிள்ளை பிழைத்தால் பத்து வருஷம் பெரிய வெள்ளியன்று ஊர்ச் சிலுவைப்பாதையில் இயேசுவாக நின்று சிலுவை சுமப்பேன் என்று. பிழைத்தாள். நோன்பு தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து தாடி வளர்ப்பான். காலையில் ஒருவேளைதான் சாப்பாடு. வெள்ளி மதியம் வெள்ளை அங்கியும் முள்முடியுமாக அவன் தெருவில் வரும்போது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவன் காலில் தொட வைப்பார்கள். எல்லாம் முடிந்து அவன் கோயிலுக்குத் திரும்பி நடக்கும்போது, யாருக்காக நேர்ச்சையோ அந்தப் பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும், இரண்டு பேரும் பீடத்தில் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். ஒன்பது வருஷம் நடந்தது. இது பத்தாவது, கடைசி. ஆனந்தமேரி பெரிய பக்திக்காரி ஒன்றும் இல்லை. ஆனால் கடவுளிடம் சொன்ன சொல்லில் ஒரு வருஷத்தைக் குறைத்துப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. நான்சி தலைவலி என்றால் இப்போதும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

சனிக்கிழமை திண்டுக்கல் போய்வர அவள் புருஷனின் பஸ்ஸிலேயே ஏறினாள். கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. அவன் "உள்ள போங்க" என்றதும் படியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையன்கள் அத்தனை பேரும் உள்ளே போனார்கள். காந்திகிராமத்தில் படிக்கிற நாலைந்து பேர் இவனைப் பார்ப்பதற்கென்றே ஏறி, பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்களே தவிர ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. குடித்துவிட்டு ஏறிய ஓர் ஆள் அவன் முகத்தைப் பார்த்ததும் அடுத்த ஸ்டாப்பில் தானாக இறங்கிக்கொண்டான். தாடிக்கொம்பில் ஏறிய நல்லுசாமிக் கிழவர் மட்டும் டிக்கெட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நேராகக் கேட்டார்.

"ஏம்ப்பா, கெணத்துல கெடந்த அந்தப் பிள்ளைக ஒனக்கு என்ன செஞ்சாக?"

"ஐயா, அது நாடகம்யா."

"நாடகம்னு எனக்குத் தெரியாதாக்கும்? அதக் கேக்கல. என்ன செஞ்சாகன்னு கேக்கேன்."

கஸ்பார் விசிலை ஊதினான். வேறு என்ன செய்வது? பஸ்ஸில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆனந்தமேரியும் காத்திருந்தாள், அது தெரிந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மரியசெல்வம் வந்தார். கோயில் கமிட்டித் தலைவர். சிலுவைப்பாதையை நடத்துகிறவரும் அவர்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மேரி, கஸ்பார் இல்லையா?"

"ட்யூட்டிண்ணே."

"நல்லதாப் போச்சு. ஒங்கிட்டயே சொல்லிடுறேன். இந்த வருசம் நம்ம இனிகோவைச் சுமக்கச் சொல்லலாமான்னு ஒரு பேச்சு."

"யாரு பேசுனா?"

"பொதுவா."

"பொதுவுக்கு ஒரு பேரு இருக்கும்லண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "பெரிய வெள்ளின்னா சனம் அழணும் மேரி. இவன் மூஞ்சியப் பாத்து இப்ப எவளுக்கு அழுகை வரும்? எம்பொண்டாட்டி கொல்லைக்குத் தனியாப் போக மாட்டேங்கிறா."

"யூதாசு வேசம் போட்ட சேவியருக்கு ஒங்க தங்கச்சி மகளைக் கட்டி வச்சீகளே. அப்ப பயம் வரலையா?"

மரியசெல்வத்துக்குச் சுருக்கென்றது. பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"யூதாசு காட்டிக் குடுப்பான்னு எல்லாருக்கும் மொதல்லயே தெரியும் மேரி. அவன் தெருவுல வந்தா பிள்ளைக மண்ணள்ளி வீசுதுக. அதுல ஒண்ணும் இல்ல. இது அப்படியா? நாம கை தட்டிட்டோம்ல."

"நேர்ச்சை என்னண்ணே ஆகும்? கடைசி வருசம்."

"சாமிகிட்டக் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குச்சாமியார் இளவயசுக்காரர். அவரும் வியாழக்கிழமைகளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு 'கானல் கிணறு' பார்க்கிறவர் என்பது ஊருக்குத் தெரியும். "நேர்ச்சை நேர்ச்சைதான். கஸ்பாரே சுமக்கட்டும்" என்றார். "சனம் வரலைன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து கஸ்பார் வீட்டில் இருந்தான். தாடி கன்னத்தை மூடியிருந்தது. நான்சி அவன் இருக்கிற அறைக்குள் வராமல் இருக்க வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாள். ஆனந்தமேரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்த எடத்துல என்னத்த நெனச்சீக?"

"எந்த எடம்?"

"துண்டை மடிச்சிட்டுச் சாப்பிடுற எடம்."

"பசி" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள்.

"காலையிலருந்து பஸ்ஸை முன்னாலயும் பின்னாலயும் போட்டு உருட்டிட்டு இருந்தாக. சோத்துக்கு விடவே இல்ல. தூக்குவாளியத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காருங்க, நாங்க சொன்னதும் சாப்டுங்கன்னாரு. சொன்னாரு, சாப்டேன். நல்ல பசி மேரி."

"அந்தப் பொண்ணு பின்னால எறங்கிப் போனீகளே?"

"செத்த நேரம் எறங்கிப் போயிட்டு வாங்கன்னாரு. எனக்கும் முட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒதுங்கிட்டு வந்தேன்."

"ஒங்களைக் கொலைகாரன்னு சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா மாட்டேன்னுருப்பேன். சிலுவை தூக்குறவன்ல." சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தான். அங்கே நான்சியின் பாவாடை நுனி தெரிந்து மறைந்தது. "எம்மகளுக்கு அதச் சொல்லு."

அவள் சட்டென்று கேட்டாள். "சிலுவை தூக்கும்போது என்னத்த நெனப்பீக?"

அவன் தாடியை நீவிக்கொண்டு யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "மரத்துல ஒரு ஆணி துருத்திட்டு இருக்கும். தோள்பட்டையில குத்தும். அதத்தான்."

சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் இந்த ஊர்ப் பெண்கள் எதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார்கள்? போன வியாழன் எதைப் பார்த்து நடுங்கினார்கள்? ஓர் ஆணியையும் பசியையுமா? ஒரு மனுஷன் ஒன்றுமே நினைக்காமல் இருந்தால் ஊரே அவனுக்குள் போய் இவ்வளவு நினைத்துக்கொள்ளுமா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை அவள் புதிதாகப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான்.

பெரிய வியாழன் மாலை பூசைக்கு ஊரே கோயிலில் இருக்கும். 'கானல் கிணறு' முடிகிற நாளும் அதுதான். அத்தனை வாரம் பார்த்த சனம் முடிவைப் பார்க்க முடியாது. பெரிய வியாழன் பூசை நேரத்தில் டி.வி. போடுகிற வேதக்கார வீடு இந்த ஊரில் இல்லை. அன்றைக்குச் சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவ வேண்டும். பன்னிரண்டில் ஒருவனாகக் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் நீண்டுவிட்டது. சாமியார் செம்பும் தாம்பாளமுமாக ஒவ்வொருவராகக் குனிந்து நிமிர்ந்து கஸ்பாரிடம் வந்து அவன் வலது காலைக் கையில் எடுத்தபோது, ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. உறுமி. பேச்சாயி வீட்டு டி.வி. அவள் வேதக்காரி இல்லை, இந்து.

கோயில் முழுக்க அதைக் கேட்டது. ஒரு தலையும் திரும்பவில்லை. சாமியாரின் கை நின்றுவிட்டது. செம்பு சாய்ந்திருந்தது, தண்ணீர் விழவில்லை. அவர் நிமிர்ந்து கஸ்பாரின் முகத்தைப் பார்த்தார். கஸ்பார் அவரைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் ஆனந்தமேரிக்குத் தெரிந்துவிட்டது: சாமியாருக்கும் பயம். பிறகு தண்ணீர் விழுந்தது. சாமியார் துடைத்தார். குனிந்து முத்தம் வைத்தார். மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தார். பக்தியா, பயந்ததற்குப் பிராயச்சித்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கொலைகாரன் பிடிபட்டானா இல்லையா என்று தெரியாமலேயே ஊர் பெரிய வெள்ளிக்குள் போனது.

காலையில் பேச்சாயி வந்தாள். "மேரி, முடிஞ்சுருச்சு. சொல்லவா?"

"வேணாங்க்கா."

"புடிச்சாகளா இல்லையான்னு மட்டும்."

"வேணாங்கிறேன்ல."

"எம்புட்டு நேரம்டி நான் வாய மூடிட்டு இருக்கறது? இந்தத் தெருவுல பாத்த ஒருத்தி நாந்தான்."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுங்கக்கா."

பேச்சாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், வந்த வார்த்தையை அழித்துவிடுகிற மாதிரி. "சரி, நானும் வாரேன் இன்னைக்கு. செருப்புப் போடக் கூடாதோ?" இத்தனை வருஷமும் அவள் தன் வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

சனம் வராது என்றார் சாமியார். மதியம் மூன்று மணிக்குக் கோயில் முன்னால் மண் தெரியவில்லை. தாடிக்கொம்பிலிருந்து, அகரத்திலிருந்து, ஊர் பேர் தெரியாத காட்டுப்பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நெற்றியில் விபூதியோடு நின்றார்கள், தொப்பியோடு நின்றார்கள். மதில்மேல், மாட்டுவண்டிமேல், வேப்பங்கிளையில். பங்குனி வெயில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி காய்ந்தது. கஸ்பார் வெள்ளை அங்கியில் வெளியே வந்தபோது அவ்வளவு கூட்டத்திலிருந்தும் ஒரு முனகல்கூட வரவில்லை.

சிலுவையைத் தோளில் ஏற்றினார்கள். நடந்தான். மரியசெல்வம் ஜெபம் சொல்ல, சனம் வாய்க்குள் பதில் சொன்னது. மற்ற வருஷங்களில் படைவீரன் வேஷக்காரன் சாட்டையை ஓங்கியதும் "ஐயோ, மெல்ல அடிங்கப்பா" என்று பெண்கள் கதறுவார்கள். இந்த வருஷம் அந்த வேஷத்தில் இருந்த இனிகோ ஓங்கினான், அடித்தான். ஒருத்தியும் அழவில்லை. ஒரு பிள்ளையையும் கால் தொடத் தூக்கி வரவில்லை. கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது, வழக்கத்தைவிட நாலடி அதிகமாகவே. அவன் முதல் தடவை விழுந்தான். எழுந்தான். ஆனந்தமேரி நடந்தபடியே கணக்குப் பார்த்தாள். இது நேர்ச்சையில் சேருமா? சனம் இல்லாத சிலுவையைக் கடவுள் ஏற்றுக்கொள்வாரா? சனம் இருந்தது. ஆனால் அது யாரைப் பார்க்க வந்த சனம்?

இரண்டாவது தடவை விழுந்தபோது வெளியூர்க்காரி ஒருத்தி மதில் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"அடி! நல்லா அடி அவனை!"

இனிகோவின் கை மேலேயே நின்றது. மெல்ல அடிப்பதுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. அந்தக் குரலுக்குப் பிறகு அவனால் மெல்லவும் அடிக்க முடியவில்லை. கஸ்பார் முட்டிபோட்டபடி அடிக்குக் காத்திருந்தான். வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பினான். முள்முடிக்குக் கீழே வியர்வை, தாடி, குழி விழுந்த அந்தக் கண். ஒன்றும் சொல்லாத அந்த வாய். இனிகோ இரண்டடி பின்னால் போனான். சாட்டை அவன் கையிலிருந்து நழுவியது. சுற்றி நின்ற அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. தெருவே ஒரு பிராணி மாதிரி மூச்சு வாங்கியது. கத்தியவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

கஸ்பார் தானாக எழுந்து சிலுவையைத் தூக்கினான். வெறுங்காலோடு ஆனந்தமேரி பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சாயி அவள் முழங்கையைப் பிடித்தாள். குரல் காற்றாக வந்தது.

"ஏத்தா, ஏசுசாமிய அடிச்ச அன்னைக்கும் சனம் இப்படித்தான் பேசாம நின்னுச்சா?"

ஆனந்தமேரிக்குத் தெரியவில்லை. அவள் கேட்ட பிரசங்கம் ஒன்றிலும் அதைச் சொன்னதில்லை.

ஊருக்கு வெளியே மேட்டில் சிலுவையை நட்டு அவனை ஏற்றினார்கள். பன்னிரண்டாம் ஸ்தலம், இயேசு உயிர்விடும் இடம். மரக்கட்டையைத் தட்டினால் எல்லாரும் முழங்காலிட்டுத் தலையைக் கவிழ்க்க வேண்டும். கட்டை தட்டியது. வேதக்காரர்கள் முட்டிபோட்டார்கள். அவர்களைப் பார்த்து வெளியூர்ச் சனமும் கல்லிலும் முள்ளிலும் அப்படியே முட்டிபோட்டது. ஆனால் ஒரு தலையும் கவிழவில்லை. மரியசெல்வத்தின் தலைகூட. அத்தனை முகமும் மேலே அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் பார்த்தும் தவறவிட்ட முகம் அது. மறுபடியும் தவறவிட ஒருவருக்கும் தைரியம் இல்லை. யாரும் இமைத்த மாதிரி தெரியவில்லை. மேட்டில் காற்று மட்டும் அங்கியைப் பிடித்து ஆட்டியது. சாமியார் அடுத்த ஜெபத்தைத் தொடங்க மறந்து நின்றார். யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இறக்கினார்கள். முள்முடியை எடுத்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீரை அவன் ஒரே மூச்சில் குடித்தான். இனிக் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். மெழுகுதிரி ஏற்ற வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் நான்சி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆனந்தமேரி மகளைத் தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அம்மா பார்ப்பது தெரிந்தும் அசையவில்லை. போ என்று சொல்ல ஆனந்தமேரிக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லி அனுப்பினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கஸ்பார் கையை நீட்டவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை. மேற்கே கோயில் கோபுரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். கூட்டம் பிளந்து வழிவிட்டது. பத்தடி போயிருப்பான். நான்சி ஓரத்திலிருந்து இறங்கித் தார்ச்சாலைக்கு வந்தாள்.

நாளெல்லாம் காய்ந்த தார் இன்னும் சுட்டது. வெறுங்காலை வைத்ததும் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினாள். சாலையில் ஒரு மரம் கிடையாது. சாய்ந்துகொண்டிருந்த வெயிலில் அப்பனின் நிழல் மட்டும் அவனுக்குப் பின்னால் நீளமாக விழுந்து கிடந்தது. நான்சி அதன் தலைப்பக்கத்தில் காலை வைத்தாள். அங்கே சூடு குறைவாகத் தோன்றியது. இன்னொரு காலையும் வைத்தாள். அவன் நடந்தால் அவளும் நடந்தாள். அவன் நின்று மூச்சு வாங்கினால் அவளும் நின்றாள். கிட்டேயும் போகவில்லை. நிழலை விட்டு வெளியேயும் வரவில்லை.